குற்றம் சொல்ல ஒரு டூட்டி சார்ட்

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசைகட்டி நிற்கும் இடத்தில் உள்ளே திரும்பினால் ஒரு பழைய கல்யாண மண்டபம் வரும். ஐயர் சொல்லும் மந்திரம் மாப்பிள்ளை காதுக்கே கேட்காத அளவுக்கு லாரி ஹாரன் சத்தம். அதனால் கல்யாணம் நடத்த ஆள் வருவது நின்றுபோய், கடைசியில் குடிகாரர்களைத் திருத்தும் இல்லம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அந்த மண்டபத்தில் நான் ஏழு மாதம் இருந்தேன். நாலு மாதம்தான் இருக்க வேண்டியது. மீதி மூன்று மாதம் என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த போனஸ்.

என்னைக் கொண்டுபோய் விட்டவள் என் மனைவி. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் தையல் வேலை அவளுக்கு. அரைநாள் லீவு போட்டு என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, என் துணிகளைக் கம்பெனிப் பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். ஆபீஸ் அறையில் படிவத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பையை என் கையில் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"உள்ள வுட நான் கையெழுத்து போட்டுகீறேன். நாலு மாசம் கழிச்சு வூட்டுக்கு இட்டும்போவவும் நான்தான் போடணுமாம். நீ மாறிகீறேன்னு எனக்குத் தோணுச்சுன்னாதான் போடுவேன். அத்த நெனப்புல வச்சுக்கோ."

அந்த இல்லத்தின் கேட் பூட்டியே இருக்காது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் போய் நிற்பது எங்கே? வீட்டுச் சாவி அவள் இடுப்பில். நான் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டிலும், இல்லத்திலிருந்து வீட்டார் கையெழுத்தோடு தாள் கொண்டு வந்தால்தான் திரும்ப எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, என் மிச்ச வாழ்க்கை மொத்தமும் அவளுடைய ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

இல்லத்தை நடத்தியவரை எல்லோரும் இன்சார்ஜ் என்பார்கள். ராயபுரத்துக்காரர். ஒரு காலத்தில் அவரும் எங்களை மாதிரி ஆள்தான். பன்னிரண்டு வருடமாகத் தொடவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பேச்சுக்குப் பேச்சு இழுப்பார். சாம்பாரில் உப்பு அதிகம் என்றால்கூட, "பன்னெண்டு வருஷமா நான் உப்பப் பத்திப் பேசுனதே இல்ல பிரதர்" என்பார். மண்டபத்து மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டு மிச்சமிருந்தன. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் அவருடைய ஃபைல்கள் உட்காரும். பின்னால் சுவரில் தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய 'நல்வரவு' அப்படியே இருந்தது, ஒரு ரோஜாப்பூ மட்டும் உதிர்ந்துபோய்.

"இங்க டாக்டரு, பேஷண்டு எல்லாம் கெடையாது. இது ஒரு குடும்பம். ஒருத்தருக்கு ஒருத்தர்தான் மருந்து" என்பார். புதன்கிழமை புதன்கிழமை ஒரு மனநல டாக்டர் வந்து, குடியோடு மனசும் சரியில்லாதவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் நாங்களே டாக்டர்கள். இருபத்தாறு டாக்டர்கள், அதில் பாதிப் பேருக்கு டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும்.

மருந்து கொடுக்கும் நேரம் காலை ஏழு மணி. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் எழுந்து இன்னொருவரின் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதற்குச் 'சுட்டிக்காட்டல்' என்று பெயர். குற்றம் சுமத்தப்பட்டவர் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நன்றி பிரதர்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இல்லை என்று மறுக்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது, நீ மட்டும் யோக்கியமா என்று கேட்கக் கூடாது. அந்தக் கடைசிக் கேள்வி இல்லாமல் எங்கள் ஏரியாவில் பேச்சே கிடையாது என்பது வேறு விஷயம். சொன்ன குற்றத்தை ஒரு பெரிய நோட்டில் எழுதுவார்கள். பிறகு எல்லோரும் கைதட்ட வேண்டும்.

குடிகாரன் பொய் சொல்லியே பழகியவன், நாலு பேர் முன்னால் உண்மையைக் கேட்டுப் பழகினால் திருந்துவான் என்பது இதன் தத்துவம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல தத்துவம்தான். வேறு எங்காவது என்றால் வேலை செய்திருக்கும். ஆனால் இங்கே வந்து சேர்ந்தவர்கள் யார்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், காட்டுப்பள்ளியில் கப்பலுக்கு வெல்டிங் அடிக்கிறவன், ட்ரெய்லர் டிரைவர், மீன் ஏலம் விடுகிறவன். கூட வேலை செய்கிறவனை சூப்பர்வைசரிடம் போட்டுக் கொடுக்கிறவனை எங்கள் பக்கத்தில் மனுஷ ஜாதியிலேயே சேர்க்க மாட்டார்கள். அவன் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போக மாட்டார்கள். அந்த ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, ஒருத்தனை ஒருத்தன் போட்டுக் கொடு, அதுதான் வைத்தியம் என்றால் என்ன ஆகும்? நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம் முழுக்க காலை ஏழு மணிக்கு இருபத்தாறு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்சார்ஜ் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அறிவித்தார். இல்லத்தில் மூன்று படி உண்டு. முதல் படியில் கக்கூஸ் கழுவுதல், பாத்திரம் துலக்குதல், போன் கிடையாது. இரண்டாம் படியில் வாரத்துக்கு ஒரு போன். மூன்றாம் படியில் பகலில் வெளியே போய் வரலாம். சுட்டிக்காட்டாதவன், சுட்டிக்காட்டப்படாதவன் இரண்டு பேருக்கும் இனி படியேற்றம் கிடையாது.

அன்று மத்தியானம் கழுவின தட்டோடு எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனைப் பற்றிச் சொன்னால் துரோகி. சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் கக்கூஸ். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. குடி விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. வேலை செய்திருக்கவே வேண்டாம்.

யார்டில் அறுபது ஆட்களுக்கு ஷிஃப்ட் பிரிக்கிற வேலை என்னுடையது. யாருக்குப் பகல், யாருக்கு இரவு, யாருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நான் போடும் சார்ட்டில் இதுவரை ஒருத்தனும் சண்டைக்கு வந்ததில்லை. குடித்துவிட்டுப் போட்ட சார்ட்டில்கூட வந்ததில்லை. ஒரு அட்டையும் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை யார் யாரைச் சொல்வது, செவ்வாய்க்கிழமை யார் யாரை, என்ன குற்றம். ஒருத்தனுக்கு ஒரே குற்றம் பத்து நாளைக்குள் திரும்ப வரக் கூடாது. இன்று உன்னைச் சொன்னவனை நாளைக்கே நீ சொல்லக் கூடாது, பழிவாங்குவது போல் தெரியும். சமையல்கட்டில் இருப்பவனுக்குச் சமையல்கட்டுக் குற்றம்தான் தர வேண்டும். எல்லோரும் பார்த்தார்கள். மீன் ஏலக்காரர் அட்டையைக் கையில் வாங்கி, "சோக்காகீது மாமு. இதுல எவனும் எவனையும் காட்டிக்குடுக்கல. டூட்டி பாக்குறோம், அவ்ளோதான்" என்றார். எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது.

குழாயைச் சரியாக மூடவில்லை. அப்பளம் இரண்டு எடுத்தார். பிரார்த்தனையில் தூங்கினார். ஜன்னலில் துண்டு காயப்போட்டார். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் தலை வாரினார். குளிக்கும்போது சினிமாப் பாட்டுப் பாடினார். இப்படி ஒரு ஐம்பது குற்றம் தயாரித்து வைத்திருந்தேன். செய்யாதவனுக்கும் குற்றம் உண்டு. அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஒருத்தரைத் தவிர.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. குடியோடு அவருக்கு மனசும் சரியில்லை. புதன்கிழமை டாக்டர் எழுதிய மாத்திரை உண்டு. என் பக்கத்துக் கட்டில். கடையில் கம்பி வாங்குகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகியதால் குற்றத்தையும் பேரம் பேசித்தான் வாங்குவார்.

"எனக்குக் கொறட்டையப் போடாதீய. நான் கொறட்டை விட மாட்டேன்லா. நாளைக்கு எங்க வீட்டுக்காரி வந்து நோட்டப் பாத்தாள்னா சிரிப்பா. கொஞ்சம் மரியாதையான குத்தமாப் பாத்துக் குடுங்க" என்றார்.

அவருக்கு 'அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசினார்' என்று போட்டுக் கொடுத்தேன். அது கௌரவமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

சார்ட் ஓட ஆரம்பித்ததும் இன்சார்ஜுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு உண்மை பேசும் ஆட்களை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்கெல்லாம் ஒன்பது பேர் குற்றம் சொல்லி, ஒன்பது பேர் நன்றி சொல்லி, கைதட்டி முடித்து உப்புமாவுக்குப் போய்விடுவோம். விஷயம் வெளியே பரவியது. வேறு ஊர் இல்லங்களிலிருந்து பார்க்க வந்தார்கள். காலேஜில் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் நோட்டோடு வந்தார்கள். அவர்கள் வரும் நாளுக்கு நான் ஸ்பெஷல் சார்ட் போடுவேன், கொஞ்சம் கனமான குற்றமாக. 'கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை' என்று வெல்டிங்காரன் சொல்ல, கிரேன்காரன் நன்றி சொன்னபோது ஒரு பெண் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லத்துக்குப் பணம் தரும் டிரஸ்ட்காரர்கள் வந்து இன்சார்ஜுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் எனக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி கொடுத்தார். பதவியோடு ஒரு விசிலும் உண்டு.

இந்தக் கூத்தில் ஒரே ஒரு நாள் பிசகியது. அன்று அண்ணாச்சி என்மேல் துண்டுக் குற்றம் சொல்ல வேண்டும். எழுந்து நின்றார். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு நான் என்னையப் பத்தித்தான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். எனக்கு விஷயம் தெரியும். ஒரு வாரமாக அவர் மாத்திரையை விழுங்காமல் சோப்பு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்; நான் பார்த்திருந்தேன். விடிந்தால் ஏன்தான் விடிகிறது என்றிருக்கிறது என்று என்னிடம் சொல்லியும் இருந்தார். அவர் அதைச் சொல்லத்தான் நின்றார். நான் என்ன செய்தேன்? அவர் வேட்டியைக் கீழேயிருந்து இழுத்து, "அண்ணாச்சி, துண்டு" என்று கிசுகிசுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஒருங்கிணைப்பாளர் பிரதர் ஜன்னல்ல துண்டு காயப்போட்டாரு" என்றார். நான் எழுந்து நன்றி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். சார்ட் பிசகாமல் காப்பாற்றிவிட்ட திருப்தியில் நான் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு மாதம் முடிந்தது. வீட்டார் கூட்டம் வைத்து, அந்த நோட்டில் நம் பெயரில் உள்ளதையெல்லாம் வீட்டாருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் கையெழுத்துப் போட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. முந்தின நாளே பையைக் கட்டிவிட்டேன். மீசையை ஒதுக்கிக்கொண்டேன்.

என் மனைவி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தாள். ஷிஃப்டுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன். மேடைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் இருபத்தாறு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். இன்சார்ஜ் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ரேங்க் வாசிப்பது போல் ஒவ்வொன்றாக வாசித்தார். குழாய். அப்பளம். தலை வாரியது. துண்டு. பிரார்த்தனையில் தூக்கம். துண்டு, மறுபடியும். சினிமாப் பாட்டு. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணியில் தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்து, "உங்க வூட்டுக்காரரு மாதிரி ஓப்பனான ஆள நான் பாத்ததே இல்லம்மா" என்று இன்சார்ஜ் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"அவ்ளோதானா சார்?" என்றாள்.

"அவ்ளோதாம்மா."

"இவரு வேற யாரோ சார். நான் உள்ள வுட்ட ஆளு இவரு இல்ல. இவரு ரெண்டு அப்பளம் துன்னாரு, துண்ட கண்ட எடத்துல போட்டாரு. இந்த மாதிரி ஒரு ஆளக் கட்டிகினு இருந்தா நான் ஏன் சார் இங்க வரப்போறேன்? கோயில்ல சாமிக்கு மாலையில்ல போட்டிருப்பேன்."

மீன் ஏலக்காரர் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் எழுந்து நின்றாள்.

"வூட்டுக்காரங்களும் சொல்லலாமா சார், இந்த நோட்டுல?"

"தாராளமா சொல்லலாம்மா" என்றார் இன்சார்ஜ். வேறு என்ன சொல்வார்?

அவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டு எழுதுகிறவனைப் பார்த்துத்தான் சொன்னாள், அவன் எழுத வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்தி.

"எனக்கு கர்ப்பப்பைல ஆபரேசன். கவர்மெண்டு ஆஸ்பத்திரி. காலைல ஆறு மணிக்கு என்ன உள்ள இட்டும்போவ வந்துட்டாங்க. கூட வந்தவங்க யாரு, வந்து கையெழுத்து போடுங்கன்னு நர்சம்மா கூவுது. இவரு டீ வாங்கியாரேன்னு போனாரு. கூவிகினே கீது, ஆளக் காணோம். எங்கள இட்டாந்த ஆட்டோக்காரரு காலி ஆட்டோவ வச்சுகினு வெளியவே நின்னுகினு இருந்தாரு. அவரு வந்து, நான்தான் அண்ணன்னு சொல்லி கையெழுத்து போட்டாரு. நான் முழிச்சப்ப பிளாஸ்க்கோட அவருதான் குந்திகினு இருந்தாரு. இவரு மூணாம் நாளு வந்தாரு. வந்து இன்னா சொன்னாரு தெரியுமா சார்? டீக்கடைல கூட்டமா இருந்துச்சுன்னாரு."

நோட்டு எழுதுகிறவன் கடைசி வரியையும் எழுதி முடித்தான். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

எனக்கு அது ஞாபகமே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஞாபகத்தில் வேறு கதை இருந்தது. அந்தக் கதையில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தவித்துக்கொண்டு நின்றேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். இல்லத்தில் சேர்ந்த புதிதில் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னபோது, 'மனைவியின் ஆபரேஷன் சமயத்தில் பட்ட மனவேதனையில்தான் குடி அதிகமானது' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்சார்ஜ் அதில் 'அருமை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார். அவமானம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாலு மாதப் பழக்கம், வாய் தானாக "நன்றி" என்றது.

"என்னாண்ட எதுக்கு சொல்ற? அந்த ஆட்டோக்காரராண்ட போய் சொல்லு" என்றாள். இன்சார்ஜ் இன்னமும் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். "கையெழுத்துக்கும் அவராண்டயே போங்க சார். எங்க குடும்பத்துல கையெழுத்து போடறவரு அவருதான்." மணியைப் பார்த்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள்.

சாயந்தரம் இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டார். சார்ட்டைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்லாத்தான் போட்டுகீற" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அட்டையை அவர் கிழிக்கவில்லை. மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். டிரஸ்ட்காரர்களுக்கு விஷயம் போனதாகத் தெரியவில்லை. சால்வை திரும்பிப் போனதாகவும் தகவல் இல்லை. விசிலை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, முதல் படிக்கு இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சார்ட் இல்லாத கூட்டம். மறுபடியும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். அண்ணாச்சி மாத்திரையை விழுங்காமல் சோப்பு டப்பாவில் சேர்க்கிறார், அது எனக்குத் தெரியும், அவரே சொல்ல வந்தபோது நான்தான் வாயை அடைத்தேன் என்று சொன்னேன். அண்ணாச்சி எழுந்தார். நன்றி சொல்லவில்லை. ஒரு வாரம் என் முகத்திலேயே முழிக்கவில்லை. ஆனால் அன்று புதன்கிழமை. டாக்டர் அவரோடு ஒரு மணி நேரம் பேசினார். எட்டாம் நாள் காலையில் என் கட்டில் பக்கம் வந்து, "மாத்திரையப் போட்டா நாக்கு கட்டை மாரி ஆயிருதுவே. அதான் போடல. இப்ப வேற மாத்திரை குடுத்துருக்காரு" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். மற்றவர்களில் பாதிப் பேர் என்னைத் துரோகி என்றார்கள். மீதிப் பாதி ஒவ்வொருவராக எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள், அப்பளத்தை விட்டுவிட்டு.

திரும்ப மூன்றாம் படிக்கு வர எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே போக அனுமதி கிடைத்த முதல் நாள் நேராக அந்த ஆஸ்பத்திரி வாசல் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டி நம்பரை மனைவி போனில் சொல்லியிருந்தாள். அவள் அதை மறக்கவே இல்லை. காக்கிச் சட்டை, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். போய் நின்று, இந்த மாதிரி, என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது அண்ணன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எந்த அக்காண்ணா?"

சொன்னேன். திருவொற்றியூர், கர்ப்பப்பை ஆபரேஷன், தையல் கம்பெனி. அவர் யோசித்தார்.

"நீ டீ வாங்கப் போனவரா, சில்லறை மாத்தப் போனவரா?"

"டீ வாங்க."

"டீ வாங்கப் போனவங்களே நாலஞ்சு பேரு கீறாங்களேண்ணா. உங்க வூட்ல செவப்பா, கண்ணாடி போட்டுகினு?"

இல்லை என்றேன்.

"தெரிலண்ணா. கோச்சிக்காத. நாங்க தெனம் வாசல்ல நிக்கிறோமா, எவன் வண்டி முன்னாடி நிக்குதோ அவன் போயி போட்டுட்டு வருவான். உறவு இன்னான்னு கேப்பாங்க. அண்ணன்னு சொல்லிடுவோம். வாசல்ல வுட்டுட்டுப் போவ மனசு வராது. பயந்துகினு படுத்துகினு இருக்கும்ல அது?" என்றார். பிறகு, என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "நீ வந்துகீற பாரு. மத்தவங்க வரல" என்று சொல்லிவிட்டு, சவாரி வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தாள். இந்த முறை மேடை இல்லை, கூட்டம் இல்லை, ஆபீஸ் அறையில் நாங்கள் இரண்டு பேரும் இன்சார்ஜும் மட்டும். போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். என்ன சொன்னார் என்றாள். நன்றாக ஜோடித்துச் சொல்லியிருக்கலாம். அவரும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கை வந்த கலைதான். நடந்ததை அப்படியே சொன்னேன். அவருக்கு என்னையும் தெரியவில்லை, உன்னையும் தெரியவில்லை, டீ வாங்கப் போனவர்கள் நாலைந்து பேராம், அதில் நான் ஒருத்தன் என்றேன்.

அவள் தாளை இழுத்து, பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்சார்ஜ் பெருமூச்சு விட்டார்.

"வூட்டுக்கு வா" என்றாள். "ஆனா ஒண்ணு. நாளைக்கு எனக்கு எதுனா ஆச்சுன்னா நான் அந்த ஆட்டோக்காரரத்தான் கூப்பிடுவேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

சரி என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.